முகத்துக்கு முன்னால் காரணம்: ஆட்டிசக் குழந்தைகளின் உணர்வறிதலும் ஒத்துணர்வும்

ஆட்டிச நிலையில் உள்ள குழந்தைக்குப் பிறர் உணர்வு விளங்காது, பிறர்மேல் பரிவும் தோன்றாது என்ற கருத்து மருத்துவ நூல்களிலிருந்து பள்ளிக்கும் பள்ளியிலிருந்து உறவினர் வட்டத்துக்கும் இறங்கி வந்து இன்றும் பரவலாக நிலவுகிறது. இக்கருத்து எப்படித் தோன்றியது, ஆய்வுகள் அதை எந்த அளவுக்கு ஏற்றன, எங்கே மறுத்தன, இக்குழந்தைகள் உணர்வுகளை அறியவும் சொல்லவும் துணைசெய்ய வகுக்கப்பட்ட முறைகளில் எவை பயன் தந்தன என்பவற்றைச் சென்னையின் தென்மேற்குப் புறநகரான குன்றத்தூரையும் அதை ஒட்டிய மாங்காடு, அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம், தாம்பரம் ஆகிய ஊர்களையும் மனத்தில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஓர் ஊரை முன்னிறுத்துவதற்குக் காரணம் உண்டு. உணர்வைக் கற்பித்தல் ஆய்வுக்கூடத்துக்குள் முடிந்துவிடும் செயல் அன்று. குழந்தை எந்த மொழியைக் கேட்டு வளர்கிறது, எந்த ஓசைகளுக்கு நடுவே உறங்குகிறது, பயிற்சி மையம் எத்தனை பேருந்து மாறிப் போகும் தொலைவில் இருக்கிறது என்பவை யாவும் அக்கற்பித்தலின் பகுதிகளே.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒருவரின் முகம், குரல், உடலசைவு, சூழல் ஆகியவற்றிலிருந்து அவர் என்ன உணர்கிறார் என்று கண்டுகொள்வது உணர்வறிதல். ஒத்துணர்வில் இரண்டு கூறுகள் உண்டு: பிறருடைய உணர்வு தனக்குள்ளும் எதிரொலிப்பது ஒன்று, அவர் ஏன் அப்படி உணர்கிறார் என்று அவரிடத்தில் நின்று எண்ணிப் பார்ப்பது மற்றொன்று, உளவியலார் முன்னதை உணர்வுவழி ஒத்துணர்வு என்றும் பின்னதை அறிவுவழி ஒத்துணர்வு என்றும் பிரிப்பர். இவற்றுக்கு ஏற்ப ஏதேனும் செய்வது இன்னொரு திறன். நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாயைக் கண்டு அவளுக்குத் தலைவலி என்று அறிவதும், அவள் வலியால் தானும் கலங்குவதும், தைலத்தை எடுத்து வந்து நீட்டுவதும் ஒன்றல்ல. ஆட்டிச நிலையில் உள்ள குழந்தை அறிவதில் தாமதப்படலாம், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிடலாம். ஆனால் இடையில் உள்ள கலக்கம் அதற்குப் பிற குழந்தைகளைவிட மிகுதியாகவே இருக்கக்கூடும். தங்கை அழும்போது காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடும் அண்ணனை இரக்கமற்றவன் என்று வீட்டார் முடிவு செய்தால், அவர்கள் செயலின்மையைப் பார்த்து உணர்வின்மை என்று படித்துவிட்டார்கள் என்பதே அதன் பொருள்.

பெயர் சுமத்திய பழி

தமிழில் இந்நிலைக்கு வழங்கும் பெயர்களே இந்தத் தவறான வாசிப்பைப் பேணி வந்துள்ளன. அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற தொடர் நெடுநாள் புழங்கியது. 'மதியிறுக்கம்' என்ற சொல்லும் எழுத்தில் வழங்குகிறது. புற உலகின் ஒவ்வோர் ஓசையும் ஒளியும் தாங்க முடியாத அளவுக்கு வந்து மோதுவதால் தவிக்கும் ஒரு குழந்தையைப் புற உலகச் சிந்தனையே அற்றது என்று அழைப்பது பெருந்தவறு. ஆகவே பெற்றோர் பலரும் பேச்சில் 'ஆட்டிசம்' என்ற கடன்சொல்லையே வைத்துக்கொண்டது சரியான தேர்வு என்றே கொள்ள வேண்டும். அச்சொல்லும் குற்றமற்றது அன்று. 'தான்' என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளூலர் அதைப் படைத்தார். மனச்சிதைவு நோயாளிகள் தமக்குள் ஒடுங்குவதைக் குறிக்கவே 1911-ஆம் ஆண்டு நூலில் அதை ஆண்டார். பால்டிமோரில் பணியாற்றிய லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் அச்சொல்லைக் குழந்தைகளுக்கு உரியதாக்கினார். பிறரோடு உணர்வுத் தொடர்பு கொள்வதில் பிறவியிலேயே உள்ள இடர்ப்பாடு என்பதே அவர் கண்ட மையம். அக்கட்டுரையின் கூர்ந்த நோக்கு இன்றும் வியப்பூட்டுகிறது; ஆயினும் உணர்வுத் தொடர்பின் குறை முழுவதையும் குழந்தையின் பக்கமே வைத்துப் பார்க்கும் வழக்கமும் அங்கிருந்தே தொடங்கிற்று.

அவ்வழக்கத்தை உறுதியாக்கியது 1985-இல் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு. சாலி, ஆன் என்ற இரண்டு பொம்மைகளில் சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதைப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள் என்பது கேள்வி. ஆட்டிச நிலையில் இருந்த 20 குழந்தைகளில் 16 பேர் குண்டு உண்மையில் இருந்த பெட்டியையே காட்டினர். பிறர் மனத்தில் உள்ள எண்ணம் தன் எண்ணத்திலிருந்து வேறானது என்று அறியும் திறன், அதாவது பிறர்மனம் அறிதல், இவர்களிடம் வளரவில்லை என்ற முடிவு அதிலிருந்து எழுந்தது. விடை சரியாகச் சொன்ன நால்வரைப் பற்றிப் பேசியவர் குறைவு. கேள்வியின் சொல்லமைப்பை விளங்கிக்கொள்ளவே கணிசமான மொழித்திறன் வேண்டும் என்பதும், இச்சோதனை எண்ணத்தை அளக்கிறதேயன்றிப் பரிவை அளக்கவில்லை என்பதும் பின்னர் வந்தோர் எடுத்துக்காட்டிய குறைகள். பொம்மையின் கோலிக்குண்டைப் பற்றிய ஒரு சோதனை, காலப்போக்கில், இக்குழந்தைகளுக்கு ஒத்துணர்வே இல்லை என்ற பொதுத் தீர்ப்பாகப் பருத்துவிட்டது.

முகங்களை வைத்து நடந்த ஆய்வுகள் இன்னும் நுட்பமான படத்தைத் தருகின்றன. 48 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் உல்யாரெவிச், ஹாமில்டன் இருவரும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆட்டிச நிலையில் உள்ளோர் முகத்திலிருந்து உணர்வறிவதில் பின்தங்குவது உண்மைதான் என்றாலும், அப்பின்னடைவு எல்லா உணர்வுகளுக்கும் ஒரே அளவில் இல்லை. மகிழ்ச்சியை அறிவதில் வேறுபாடு சிறிது, அச்சத்தை அறிவதில் அதைவிடப் பெரிது. இதன் ஊடே இன்னொரு காரணி நுழைகிறது. தன் உடலுக்குள் எழும் உணர்வு எது என்று பிரித்தறியவும் அதற்குச் சொல் காணவும் இயலாத நிலையை 1970-களில் பீட்டர் சிஃப்னியோஸ் 'அலெக்ஸிதைமியா' என்று பெயரிட்டார். தமிழில் அதை உணர்வுக்குச் சொல் காணா நிலை எனலாம். ஆட்டிச நிலையில் உள்ளோரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடமும், பிறரில் நூற்றுக்கு ஐவர் அளவிலும் இது காணப்படுவதாக 2019-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணித்தது. உணர்வறிதலில் காணப்படும் இடர்ப்பாட்டுக்கு ஆட்டிசத்தைவிட இந்நிலையே பெருங்காரணம் என்று ஜெஃப்ரி பேர்ட், ரிச்சர்ட் குக் ஆகியோர் வாதிட்டுள்ளனர். இவ்வாதம் கற்பித்தலுக்கு மிக முக்கியமானது. தன் நெஞ்சு படபடப்பதைப் பயம் என்று அறியாத குழந்தைக்குப் பிறர் முகத்தில் உள்ள பயத்தைப் படிக்கக் கற்பிப்பது, அகரம் எழுதும் முன்னே கடிதம் எழுதச் சொல்வதற்கு ஒப்பாகும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கேள்வி

தாமே ஆட்டிச நிலையில் உள்ளவரான பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் இருவழி ஒத்துணர்வுச் சிக்கல் என்ற கருத்தை முன்வைத்தார். இரண்டு பேர் உலகை மிக வேறான வகையில் உணர்பவர்களாயின் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாமை இருவருக்கும் பொதுவான குறை என்பதும், எண்ணிக்கையில் பெரும்பான்மையாக இருப்பவர்கள் அதை மற்றவரின் நோயாகப் பதிவு செய்துவிட்டார்கள் என்பதும் அதன் சாரம். ஆட்டிச நிலையில் உள்ளோரின் முகபாவங்களைப் பிறரும் சரியாகப் படிப்பதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. கேத்தரின் கிராம்ப்டனும் உடனாய்வாளரும் 2020-இல் 8 பேர் கொண்ட சங்கிலிகளில் ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்குக் கடத்தச் செய்தபோது, ஆட்டிச நிலையில் உள்ளோர் மட்டுமே இருந்த சங்கிலியில் கதை பிறர் மட்டுமே இருந்த சங்கிலிக்கு இணையாக நிலைத்தது. கலந்த சங்கிலியில்தான் விரைவில் தேய்ந்தது. அதே குழுவினர் பின்னர் அதிகம் பேரை வைத்து நடத்திய ஆய்வில் இவ்வேறுபாடு தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கலந்த குழு மோசம் என்ற முடிவு தளர்ந்தாலும், ஆட்டிச நிலையில் உள்ளோர் தமக்குள் தகவலைச் சரிவரப் பகிர்கின்றனர் என்ற முடிவு இரண்டாலும் உறுதியாகிறது.

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர் என்பதால் இவ்விடத்தில் பெரியபுராணத்தின் கண்ணப்பர் வரலாற்றை நினைப்பது பொருந்தும். காளத்தியில் வாயில் நீர் கொணர்ந்து சிவலிங்கத்தை நீராட்டி, தான் சுவைத்துத் தேர்ந்த ஊனைப் படைத்து, தலையில் செருகி வந்த மலரைச் சூட்டும் திண்ணனாரின் (பின்னர் கண்ணப்பர் எனப் பெயர் பெற்றவர்) அன்பு, ஆகம நெறியில் வழிபடும் சிவகோசரியாருக்கு அனுசிதமாகத் தெரிகிறது. அவர் அழுது, இடத்தைத் தூய்மை செய்து, மீண்டும் பூசிக்கிறார். இருவரிடமும் அன்பில் குறைவில்லை, ஆனால் ஒருவர் அன்பின் வடிவம் மற்றவர் கண்ணுக்கு அன்பாகத் தோன்றவில்லை. சிவகோசரியார் மறைந்து நின்று முழுவதையும் பார்த்த பிறகே விளங்கிக்கொள்கிறார் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. இவ்வொப்புமையை அளவோடு நிறுத்த வேண்டும். ஆட்டிச நிலையில் உள்ள குழந்தையைத் தெய்வக் குழந்தை என்று உயர்த்திப் பேசுவதும் அதன் அன்றாடத் தேவைகளைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும். ஆயினும் புரிந்துகொள்ளும் கடமையைப் பார்ப்பவரிடமும் வைக்கும் பார்வை, மில்டனுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே இவ்வூர்க்காரர் ஒருவரின் காப்பியத்தில் உண்டு.

மெய்ப்பாடு கற்பிக்கும் பாடம்

உணர்வறிதல் பயிற்சி என்ற பெயரில் பெரும்பாலான மையங்களில் முதலில் மேசைக்கு வருவது முகப்பட அட்டை. அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் அடிப்படை உணர்வுகள் ஆறு என்றும் அவற்றின் முகக்குறிகள் உலகெங்கும் ஒன்றே என்றும் கொண்டு 1970-களில் வெளியிட்ட ஒளிப்படத் தொகுதியின் வழிவந்தவை இவ்வட்டைகள். அண்மைக் காலத்தில் அவ்வடிப்படையே கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் பிறரும் 2019-இல் வெளியிட்ட விரிவான மறு ஆய்வு, சினம் கொண்டவர் எப்போதும் முகம் சுளிப்பதில்லை என்றும், முகம் சுளிப்பவர் எப்போதும் சினம் கொண்டவர் அல்லர் என்றும், முகத்தை மட்டும் கொண்டு உணர்வைத் துணிய இயலாது என்றும் முடிவு கூறியது.

தமிழ் இலக்கண மரபு இதை வேறொரு வழியில் எண்ணியிருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலான மெய்ப்பாட்டியல், அழுகை, நகை, அச்சம், வெகுளி, உவகை, பெருமிதம், மருட்கை, இளிவரல் என்னும் எட்டையும் கூறி, ஒவ்வொன்றுக்கும் அது பிறக்கும் நிலைக்களன் நான்கு என வகுக்கிறது: அழுகை இழவிலிருந்தும் வறுமையிலிருந்தும் பிறக்கலாம், மருட்கை, அதாவது வியப்பு, புதுமையிலிருந்தோ எதிர்பாராத பெருமை சிறுமையிலிருந்தோ பிறக்கலாம். எட்டு உணர்வுக்கும் காரணம் சொல்லும் அந்நூல் முகத்தின் வடிவத்தை வரையறுக்க முனையவில்லை. உரையாசிரியர்கள் மேலும் நுணுகி, உணர்வைத் தூண்டும் பொருள், அதை உணரும் புலன், உள்ளத்தில் நிகழும் குறிப்பு, கண்ணீராகவோ மயிர்ச்சிலிர்ப்பாகவோ உடலில் வெளிப்படும் மாறுபாடு என நான்கு படிகளைக் காட்டுவர். இது செய்யுளுக்கு வகுத்த இலக்கணமே, குழந்தை உளவியல் அன்று. என்றாலும் முகம் என்பது நான்காம் படி, அதற்கு முன் மூன்று படிகள் உண்டு என்ற ஒழுங்கு கற்பித்தலுக்கு நேராகப் பயன்படுவது. முகப்பட அட்டை நான்காம் படியை மட்டும் தனியே வெட்டி எடுத்துக் குழந்தையின் கையில் தருகிறது. பொம்மை உடைந்தது, சத்தம் கேட்டது, வயிற்றில் ஏதோ செய்தது, அழுகை வந்தது என்று காரணத்திலிருந்து முகத்துக்கு வருவதே இயல்பான வரிசை. ஆட்டிச நிலையில் உள்ள குழந்தைகள் பலர் வரிசையையும் காரண காரியத்தையும் விரும்பிப் பற்றுபவர்கள் என்பதால் அவர்களுக்கு இது பொருந்தியும் வரும்.

தமிழில் உணர்வைச் சொல்லுதல்

இத்துறையின் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் ஆங்கில வழியில் வந்தவை. ஆகவே தமிழ் பேசும் குழந்தைக்கே உரிய சில இடர்ப்பாடுகளையும் வசதிகளையும் அவை கண்டதில்லை. முதலாவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. அட்டையில் 'மகிழ்ச்சி', 'அச்சம்', 'துயரம்' என்று அச்சிட்டிருக்கும். குழந்தை வீட்டில் கேட்பதோ 'சந்தோஷம்', 'பயமா இருக்கு', 'மனசு கஷ்டமா இருக்கு' என்பவை. சொல்லும் பொருளும் ஒன்றுக்கு ஒன்றாகப் பிணைய வேண்டும் என்று எதிர்பார்க்கும் குழந்தைக்கு இது ஒரே உணர்வுக்கு இரண்டு உலகங்களைக் கற்பிப்பதாகும். முதல் சொல் வீட்டுச் சொல்லாகவே இருக்க வேண்டும். இரண்டாவது, தமிழ் உணர்வுகளை உடலின் மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கம். பொறாமையை 'வயிறு எரியுது' என்பதும், பிணக்கை 'மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டான்' என்பதும், பெருமையை 'தலை கால் புரியல' என்பதும் சொல்லைச் சொல்லாகவே கொள்ளும் குழந்தையைத் திகைக்க வைக்கும். இத்தொடர்களை அதன் முன்னிலையில் தவிர்ப்பதைவிட, 'பாட்டிக்கு வயிறு நிஜமா எரியல, அத்தை மேல பொறாமை, அதைத்தான் அப்படிச் சொல்றாங்க' என்று உடனே பிரித்துச் சொல்வது நல்லது, ஏனெனில் நாளை இதே தொடரைத் தெருவில் கேட்கும்போது அதற்கு யாரும் விளக்கம் தர மாட்டார்கள்.

வசதியும் உண்டு. தமிழில் உணர்வு ஒருவர் செய்யும் செயலாக வருவதைவிட, அவருக்கு வந்து சேரும் ஒன்றாகவே பெரிதும் சொல்லப்படுகிறது: எனக்குக் கோபம் வருது, பயமா இருக்கு, அழுகை அழுகையா வருது. வரும் பொருள் போகவும் செய்யும் என்பதால், 'கோவம் வந்துச்சு, இப்பப் போயிடுச்சா, இன்னும் கொஞ்சம் இருக்கா' என்று கேட்க இம்மொழி இயல்பாகவே இடம் தருகிறது. பசி, தாகம், வலி, கூச்சம் ஆகிய உள்ளுடல் உணர்வுகளுக்கும் இதே அமைப்புதான். 'பசிக்குது' என்பதிலிருந்து 'படபடப்பா இருக்கு' என்பதற்குச் செல்லும் பாதை இலக்கண அளவில் நேரானது. உணர்வுக்குச் சொல் காணா நிலை உள்ள குழந்தைக்கு உடலிலிருந்து தொடங்குவதே ஏற்றது என்பதால் இது சிறிய வசதி அன்று.

குழந்தை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் எதிரொலிப் பேச்சையும் இங்கே குறிப்பிட வேண்டும். 'உனக்குத் தோசை வேணுமா' என்று ஒரு குழந்தை சொன்னால் அது பெரும்பாலும் 'எனக்குத் தோசை வேணும்' என்பதன் வடிவம். கானர் தன் முதல் கட்டுரையிலேயே இதைக் கண்டெழுதியிருக்கிறார். அவ்வாறே, முன்பொரு நாள் அடிபட்டபோது கேட்ட 'ஒண்ணும் ஆகலடா, ஊதி விடுறேன்' என்ற தொடரைப் பின்னொரு நாள் பிறர் அழும்போது குழந்தை சொன்னால், அதை அர்த்தமற்ற திருப்பல் என்று தள்ளாமல் ஆறுதல் மொழியாகவே ஏற்க வேண்டும். ஆங்கில வழிப் பள்ளி என்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லும் அறிவுரை பல குடும்பங்களுக்குக் கிடைக்கிறது. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிச நிலையில் உள்ள குழந்தையின் மொழி வளர்ச்சி மேலும் தாமதப்படும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதரவு இல்லை. தாய்மொழியை நிறுத்தினால் தாத்தா பாட்டியோடு உணர்வு பகிரும் ஒரே வழியும் அடைபட்டுவிடும்.

முறைகள்: எது கற்கப்பட்டது, எது நிலைத்தது

கணினி வழிப் பயிற்சிகளில் பெயர் பெற்றது, தண்டவாளத்திலும் கம்பியிலும் ஓடும் வண்டிகளுக்கு மனித முகங்களைப் பொருத்தி பாரன்-கோஹன் குழுவினர் உருவாக்கிய 'டிரான்ஸ்போர்ட்டர்ஸ்' என்ற 15 பகுதி இயங்குபடத் தொடர். வண்டி எப்படி நகரும் என்பதை முன்கூட்டியே அறிய முடிவதால் குழந்தையின் கவனம் வண்டியில் நிலைக்கும், நிலைத்த கவனம் மெல்ல முகத்துக்கு மாறும் என்பது அதன் உத்தி. நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகள் நான்கு வாரம் பார்த்தபின் உணர்வறிதலில் தெளிவாக முன்னேறியதாக 2010-இல் வந்த ஆய்வு கூறியது; பின்வந்த எல்லா ஆய்வுகளும் அதே அளவு பயனைக் காணவில்லை. எதிரில் இருப்பவரின் உணர்வை மூக்குக்கண்ணாடியில் காட்டும் மின்னணுக் கருவியும், பாவனை காட்டும் எந்திர பொம்மைகளும் சோதிக்கப்பட்டுள்ளன. குன்றத்தூரின் வீடுகளுக்கு இவை நெடுந்தொலைவில் உள்ளவை. கரோல் கிரே 1990-களின் தொடக்கத்தில் வகுத்த சமூகக் கதைகள் எளியவை: முடி திருத்தக் கடை, கல்யாண மண்டபம், கிருத்திகைக் கூட்டம் போன்ற ஒரு சூழலில் என்ன நடக்கும், ஏன் நடக்கும், யார் எப்படி உணர்வர், என்ன செய்யலாம் என்பதைக் குழந்தையின் பார்வையிலிருந்து சில வாக்கியங்களில் படத்தோடு எழுதித் தருவது அம்முறை. காரணத்தை முன்வைப்பதால், மெய்ப்பாட்டு வரிசைக்கு அதுவே மிக அருகில் நிற்கிறது.

இம்முறைகளின் பொதுப் பயன் பற்றி 2014-இல் காக்ரேன் அமைப்பின் மறு ஆய்வு வந்தது. பிறர்மனம் அறிதலை அடிப்படையாகக் கொண்ட 22 ஆய்வுகளை, மொத்தம் 695 பேரின் தரவுகளை, அது ஆராய்ந்தது. பயிற்சியில் கற்பித்த திறனைக் குழந்தைகள் கற்கின்றனர்; ஆனால் அத்திறன் பயிற்சி நடக்காத இடங்களுக்குப் பரவுவதற்கும் நெடுநாள் நிலைப்பதற்கும் சான்று மெலிந்தே இருக்கிறது என்பது அதன் முடிவு. அட்டையில் உள்ள பெண்ணின் கோபத்தைச் சரியாகச் சொல்லும் குழந்தை, அன்று மாலையே வாசலில் நிற்கும் அம்மாவின் கோபத்தை அறியாமல் போவது இதனால்தான். அட்டையில் அவள் அசையாமல் நிற்கிறாள், பேசவில்லை, அவள் கோபத்துக்கு முன்கதை இல்லை. வாசலில் எல்லாமே உண்டு. போதாக்குறைக்கு, சந்தையில் கிடைக்கும் அட்டைகளில் உள்ள முகங்களும் ஆடைகளும் பெரும்பாலும் வேற்று நாட்டவை. 'சரி' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் அசைக்கும் நம் வழக்கமோ, மூத்தோர் முன் கண்ணைத் தாழ்த்துவதோ எந்த அட்டையிலும் இல்லை.

கண்ணைப் பார்த்துப் பேச வற்புறுத்தும் பயிற்சி தனியே எதிர்க்கப்பட வேண்டியது. ஆட்டிச நிலையில் உள்ளோரில் பலருக்குப் பிறர் கண்களை நோக்குவது மிகைத் தூண்டலையும் துன்பத்தையும் தருகிறது என்று 2017-இல் ஹாஜிகானியும் பிறரும் செய்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வு காட்டியது. அக்கறை இன்மையால் அன்று, தாங்க முடியாமையால் விலகும் கண்ணைக் கையால் திருப்புவது ஒத்துணர்வைக் கற்பிக்கும் செயல் ஆகாது. பார்ப்பது போல், சிரிப்பது போல் நடிக்கப் பழக்கப்பட்டவர்கள் வளர்ந்த பின் அந்த வேடத்தைச் சுமந்தே களைத்துப்போவதைத் தம் வாழ்விலிருந்து எழுதியிருக்கிறார்கள். தெற்காசிய வழக்கில் குழந்தை பெரியவர் கண்ணை நேரே பார்ப்பது எல்லா இடத்திலும் மரியாதையாகவும் கொள்ளப்படுவதில்லை என்பதையும் எண்ணினால், இப்பயிற்சிக்கு இங்கே உள்ள நியாயம் மேலும் சுருங்குகிறது.

பேச்சு வராத குழந்தைகளுக்குப் படங்களைத் தொட்டால் குரல் எழுப்பும் கருவிகள் பெரும் துணை. அவற்றுள் 'ஆவாஸ்', சென்னை ஐஐடியில் பயின்ற அஜித் நாராயணன் குழுவினர் மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பின் குழந்தைகளோடு பணியாற்றிச் சென்னையிலேயே உருவாக்கியது. நடைமுறையில் இக்கருவிகளிலும் பட அட்டைப் பலகைகளிலும் முதலில் நிரப்பப்படுபவை தண்ணீர், பிஸ்கட், கழிப்பறை முதலிய தேவைச் சொற்களே. 'வேணாம்', 'சத்தம் வலிக்குது', 'பயமா இருக்கு', 'இன்னொரு தடவை' என்பவை பின்னுக்குப் போகின்றன. கேட்கும் சொல் மட்டும் தரப்பட்ட குழந்தை கேட்க மட்டுமே செய்யும். உணர்வு சொல்லவில்லை என்று பின்னர் அதன்மேல் குறை காண்பது நீதியன்று.

வீடே பயிற்சிக்கூடம்

இந்தியச் சூழலுக்கு மிக நெருங்கிய சான்று கோவாவிலிருந்து வருகிறது. பிரிட்டனில் பேச்சுப் பயிற்சியாளர்கள் பெற்றோர் வழியாக நடத்திய ஒரு முறையைக் கோவாவின் சங்கத் அமைப்பைச் சேர்ந்த கௌரி திவானும், அதிஃப் ரஹ்மானும், பிறரும் தெற்காசியாவுக்கு ஏற்ப மாற்றி, தொழில்முறைப் பயிற்சியாளர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களில் சோதித்தனர். முடிவு 2016-இல் வெளியானது. பணியாளர் ஆறு மாதத்தில் 12 முறை சந்திப்பார்; தாயோ தந்தையோ குழந்தையோடு விளையாடுவது காணொளியாகப் பதிவாகும்; பிறகு அதை இருவரும் சேர்ந்து பார்த்து, குழந்தை எப்போது எதைக் காட்டிற்று, அதற்குப் பெற்றோர் எப்படி இசைந்தார் என்று பேசுவர். குழந்தைக்கு நேரடியாக எதுவும் கற்பிக்கப்படவில்லை. பெற்றோரின் இசைவு வெகுவாக உயர்ந்தது, குழந்தை தானே முன்வந்து தொடர்பு கொள்வதும் கூடியது. இருவரும் ஒரே பொருளில் கவனம் பகிரும் நேரம் கூடவில்லை, குறைந்தே காணப்பட்டது. முழு வெற்றி என்று இதைச் சொல்ல இயலாது. ஆனால் உணர்வறிதலை முதலில் பெரியவருக்குக் கற்பிக்க வேண்டும், அப்போது குழந்தையின் பக்கமும் அசைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தெற்காசியச் சான்று அரிது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு இங்கே பயன்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல், 2009-இல் வெளிவந்தது, 40 கூறுகள் கொண்டது; உணர்வு வெளிப்பாட்டுக்கு உரிய பகுதியில் வெளிப்படையான காரணமின்றிக் கிளர்ச்சி அடைதல் என்பதும் ஒரு கூறு. யார் கண்ணுக்கு வெளிப்படையான காரணம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பல்லாவரம்–குன்றத்தூர் சாலையின் ஏர் ஹாரன், அடுத்த வீட்டுக் குக்கரின் விசில், மிக்ஸி, துடித்து எரியும் டியூப்லைட், விழாக்கால ஒலிபெருக்கி, பள்ளிச் சீருடையின் கழுத்துப்பட்டி ஆகியவை பெரியவர் செவிக்கும் தோலுக்கும் பழகிப்போனவை. உணர்வு வெடித்து அழும் குழந்தையை அடம்பிடிப்பதாகக் கொள்வதற்கு முன் இக்காரணங்களைத் தேடுவது, குழந்தையிடம் எதிர்பார்க்கும் அதே உணர்வறிதலைப் பெரியவர் செய்து காட்டுவதாகும்.

இந்தியாவின் ஐந்து இடங்களில் நடந்து 2018-இல் வெளியான இன்க்ளென் ஆய்வின்படி, இரண்டு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் ஆட்டிச நிலையில் உள்ளனர். அவ்வைந்தில் தமிழகத்து இடம் எதுவும் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று என்பதால் சான்றிதழும் உதவியும் உரிமையாகியுள்ளன. உதவி பெறும் வழிதான் நீண்டது. முட்டுக்காட்டில் 2005-இல் நிறுவப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இப்பகுதியின் பெரிய நம்பிக்கை. 2021-இல் அங்கே தொடக்ககால இடையீட்டு மையமும் திறக்கப்பட்டது. ஆனால் அது கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. குன்றத்தூரிலிருந்து போக ஒன்றுக்கு மேற்பட்ட பேருந்து மாற வேண்டும். மாவட்ட அலுவலகமோ வேறு திசையில் காஞ்சிபுரத்தில். கூட்டமும் இரைச்சலும் தாங்காத குழந்தையை மூன்று பேருந்தில் ஏற்றி இறக்கிக் கொண்டுபோய், களைத்த நிலையில் மேசைமுன் உட்கார வைத்து, 'இவங்க முகம் எப்படி இருக்கு' என்று கேட்பதில் கிடைக்கும் விடை எதை அளக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' போன்ற தமிழ் நூல்கள் பெற்றோரிடையே இவ்வளவு வரவேற்புப் பெற்றதற்கு, அவை வீட்டுக்கே வந்து சேர்ந்ததும் ஒரு காரணமாகலாம்.

கோவா முறையின் பணி வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் இயலாத ஒன்று அன்று. அதற்கு வேண்டியவை பயிற்சி, மாதம் இருமுறை ஒரு வீட்டுக்குச் செல்லும் நேரம், காணொளி பதிவு செய்ய ஒரு செல்பேசி. கடைசியில் சொன்னது குன்றத்தூரின் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. கூடத்தின் தரையில் பொம்மை வண்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டிருக்கும் குழந்தையையும் எதிரே உட்கார்ந்திருக்கும் தாயையும் பத்து நிமிடம் பதிவு செய்து, பின்னர் தாயும் பயிற்றுநரும் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், முதல் முறை வெறும் சக்கரச் சுழற்சியாகத் தெரிந்தது, மூன்றாம் முறையில், சக்கரம் நின்ற ஒவ்வொரு தடவையும் குழந்தை தாயின் கையை ஒரு நொடி பார்த்துவிட்டே மறுபடி சுழற்றியதாகத் தெரியவரலாம்.